அத்தானுக்குப் படித்துக் காட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு மாதம் எழுதாததற்கு வேலை அதிகம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றிருந்தேன். அத்தானுக்குக் கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அவர் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதற்கப்புறம் மறைக்க மனம் வரவில்லை. போன மாதம் எனக்கும் செய்தார்கள். பதறாதே, நன்றாக இருக்கிறேன்.

சோதனை ஒன்றுமே இல்லை என்று அத்தானிடம் சொல். இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். கையில் ஊசி போட்டார்கள். விரல் பருமனில் வளையும் குழாய், நுனியில் கேமரா. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. முந்தின நாள்தான் பாடு.

மூன்று நாளாகவே கொட்டை, விதை, கீரை, தோலோடு பழம் எதுவும் கூடாது. முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் குடிக்கக்கூடாது, உள்ளே ரத்தம் மாதிரித் தெரியுமாம். அப்புறம் குடலைச் சுத்தமாக்கும் அந்த மருந்து. எனக்கு 4 லிட்டர். பாதி சாயங்காலம், மீதி விடிவதற்கு முன்னால். உப்பும் இனிப்பும் கலந்த கொழகொழத் தண்ணீர். குளிரவைத்து உறிஞ்சுகுழலில் குடித்தால்தான் இறங்குகிறது. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே சில்லென்ற மருந்து. போர்வையைச் சுற்றிக்கொண்டு கழிவறையிலேயே குடியிருந்தேன். கடைசியில் மஞ்சள் தண்ணீராகத் தெளிந்து போகவேண்டும். போதும் என்று பாதியில் நிறுத்தினால் எதுவும் சரியாகத் தெரியாது, மறுபடி முதலிலிருந்து குடிக்கவேண்டும். அத்தான் அப்படிச் செய்யக்கூடியவர், பார்த்துக்கொள்.

ராத்திரி 2 மணிக்குக் கதவு தட்டும் சத்தம். இரண்டு வருடமாக என் வணக்கத்துக்குப் பதில் சொல்லாத பக்கத்து வீட்டுக் கிழவர். "ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓடுகிறதே, குழாய் கெட்டுவிட்டதா?" விஷயத்தைச் சொன்னேன். திரும்பிப் போய் வாஸ்லின் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அவருக்கு மூன்று முறை நடந்திருக்கிறதாம்! புண்ணாவதற்கு முன்பே தடவிக்கொள்ளவேண்டும், அத்தானுக்கும் வாங்கி வை.

மயக்க மருந்து தருவதால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், தனியாக விடமாட்டார்கள். அந்தப் படிவத்தில் 'உடன் வருபவர் பெயர்' என்ற இடம் மூன்று நாளாகக் காலியாகவே இருந்தது. கடைசியில் கிழவர்தான் வந்தார். திரும்பும் வழியில், "தூக்கத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாய், யார் பெயர் அது?" என்று கேட்டுவிட்டு, "அக்கா, அக்கா" என்று சொல்லிக் காட்டினார். எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே மிளகு அளவில் இரண்டு பாலிப், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி, இருந்தன. அங்கேயே கம்பி வளையத்தால் எடுத்துவிட்டார்கள், வலியே இல்லை. பரிசோதனை முடிவு 9 நாளில் வந்தது. புற்று இல்லை, விட்டுவைத்திருந்தால் பல வருடத்தில் ஆகியிருக்கலாம். 5 வருடத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். பெற்றவருக்குக் குடல் புற்று இருந்தால் பிள்ளைகள் 40 வயதிலோ, அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்கு 10 வருடம் முன்போ, எது முந்தியோ அப்போதே பார்க்கவேண்டுமாம். அப்பாவுக்கு அப்போது 48. அப்படியென்றால் நமக்கு 38. நீயும் அண்ணனும் அதைத் தாண்டி எவ்வளவு நாளாயிற்று! அத்தானைக் கூட்டிப்போகும் அன்றே நீயும் டாக்டரைப் பார். அண்ணனுக்குத் தனியாக எழுதுகிறேன், அண்ணியிடம் நீ முதலில் சொல்லிவை.

அத்தானின் இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். வந்தபின் வயிறு உப்பியிருந்தால் வெறும் காற்று. காய்ச்சல், கடும் வயிற்றுவலி, ரத்தம் நிறையப் போவது என்றால் உடனே திரும்பப் போகவேண்டும்.

இன்னொன்று. வீட்டைப் பாகம் பிரிக்கும் பத்திரத்தை அதே தேதியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். மயக்கம் தந்து 24 மணி நேரத்துக்கு அத்தான் வண்டி ஓட்டவும் கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவும் கூடாது. இரண்டு நாள் தள்ளிவை. ரொம்பத் தள்ளவேண்டாம். என் பங்கை அண்ணனே எடுத்துக்கொள்வதானால் எனக்குச் சம்மதம். பணத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டு எழுது.

உன் தம்பி