ராக்கெட் வேலைக்கு எந்த குரூப்? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வாங்க வரும்போது "பிள்ளை இஸ்ரோவுக்குப் போகணும்கிறான், எந்த குரூப் எடுக்கலாம்?" என்று கேட்கிறீர்கள். கணிதம் உள்ள குரூப் எடுங்கள். ஏன் என்பதை, இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் செய்த வேலையை வைத்தே சொல்கிறேன்.

நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளையில் 1957-ல் விவசாயி வீட்டில் பிறந்தவர். தமிழ்வழியில் அரசுப் பள்ளிப் படிப்பு. நேரே பொறியியல் போகவில்லை. முதலில் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தார். பிறகுதான் சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் (1980), பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.இ. 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் திட்டத்துக்குப் போனார்.

அங்கே அவருக்கு வாய்த்தது பாதைக் கணக்கு. ராக்கெட் மூன்று திசையில் நகரும், மூன்று அச்சில் திரும்பும். ஆக ஆறு வகை அசைவு. நொடிக்கு நொடி எரிபொருள் தீர்ந்து எடையும் குறையும். அத்தனையையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க 'சித்தாரா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அதன் தலைமை வடிவமைப்பாளர் சிவன். பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தில் வெக்டர், அணிகள், நுண்கணிதம். பிளஸ் டூவில் வகைக்கெழுச் சமன்பாடு. சித்தாராவில் உள்ள கணக்குக்கு அடிப்படை அவைதான். "இதெல்லாம் எதுக்கு?" என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று காற்று. ஆடிக் காற்றில் சைக்கிள் மிதிக்கிறவர் காற்று வரும் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் ஓட்டுவார். ராக்கெட்டுக்கும் அதே கதைதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று பக்கவாட்டில் பலமாக அடிக்கும். மூக்கு காற்றுக்குக் கோணலாக நின்றால் உடல் வளையும் அளவுக்குச் சுமை ஏறும். அந்த மாதத்தின் சராசரிக் காற்றை வைத்துப் பாதை போட்டால், ஏவும் நாளில் காற்று மாறியதும் ஏவுதலையே தள்ளிவைக்க வேண்டி வரும். அன்றைக்கே பலூன் விட்டு உயரத்துக்கு உயரம் காற்றை அளந்து, திருப்பக் கோணங்களைத் திருத்திக் கணினியில் ஏற்றும் முறையை வகுத்ததில் சிவனுக்குப் பெரும் பங்கு உண்டு.

நிர்வாகியாக அவர் சந்தித்த பெரிய சோதனை ஜி.எஸ்.எல்.வி. என்ற பெரிய ராக்கெட். 2010 ஏப்ரலில் அதில் நம் சொந்த கிரையோஜெனிக் என்ஜின் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுவது) முதல் முறை பறந்தபோது எரிபொருளை உந்தித்தரும் பூஸ்டர் பம்ப் நின்றுபோனது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு ஜி.எஸ்.எல்.வி.யில் கட்டளை கொண்டுபோகும் இணைப்பிகள் பிடுங்கிக்கொண்டன. அடுத்த ஆண்டு திட்ட இயக்குநர் பொறுப்பு சிவனிடம் வந்தது. பம்பைத் திருத்தினார்கள், கீழ்மூடியின் வடிவத்தை மாற்றினார்கள், என்ஜின் பற்றும் வரிசையையும் மாற்றினார்கள்.

2013 ஆகஸ்ட் 19. திருத்திய ஜி.எஸ்.எல்.வி.யை ஏவ 74 நிமிடம் இருக்கும்போது அதன் இரண்டாம் நிலையில் (கீழிருந்து இரண்டாவது அடுக்கில்) எரிபொருள் கசிவு, ஏவுதல் நிறுத்தம். கசிந்தது நச்சு எரிபொருள். தொட்டி செய்திருந்த 7020 என்ற அலுமினியக் கலவைக்கு ஒரு குணம்: இழுவிசையும் அரிப்பும் சேர்ந்தால் நாளடைவில் மயிரிழை வெடிப்பு விடும். ஒட்டுப்போட்டு அனுப்பவில்லை. 2219 கலவையில் செய்த தொட்டியோடு புது இரண்டாம் நிலை வந்தது. பக்கத்தில் கட்டியிருந்த நான்கு திரவ உந்திகளையும் மாற்றினார்கள். நாலரை மாதம் கழித்து, 2014 ஜனவரி 5 மாலை 4.18-க்கு ஏவி, 1,982 கிலோ ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டார்கள். அந்த கிரையோஜெனிக் என்ஜினைச் சோதித்த மகேந்திரகிரி, நாம் நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையில் காவல்கிணறு பக்கம்தான் இருக்கிறது.

2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவர். சந்திரயான்-2ஐ 2019 ஜூலை 15 அதிகாலை ஏவ 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தி, ஒரே வாரத்தில் சரிசெய்து ஏவினார்கள். செப்டம்பர் 7 அன்று அதன் தரையிறங்கு கலம் விக்ரம் நிலவில் மோதியது. என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின, பிழைகள் கூடிக்கொண்டே போயின, இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். சந்திரயான்-3க்கு அதை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள், 2023-ல் இறங்கியது. டிவியில் அன்று சிவன் அழுததைக் காட்டிய அளவுக்கு இந்தக் கணக்கைக் காட்டவில்லை என்பது என் குறை.

இனி நம் வேலை. 'ஏரோ' என்று பலகை மாட்டிய கல்லூரிதான் வேண்டும் என்று கடன் வாங்காதீர்கள், இஸ்ரோ மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களையும் எடுக்கிறது, டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் அங்கே பணியிடம் உண்டு. கேரளத்தில் வலியமலையில் உள்ள விண்வெளிக் கல்லூரியான ஐ.ஐ.எஸ்.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி.க்குப் பொறியியல் கலந்தாய்வே வழி: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200 கட்-ஆஃப். கணிதத்தில் போகும் ஒரு மதிப்பெண் முழுசாகப் போகும். மற்ற இரண்டில் அரையாகத்தான் போகும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கலந்தாய்வில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் அது போய்விடும். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருமுன் யோசியுங்கள். வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அங்கே வரிசை தெருவரை நிற்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்