கடாரத்துக் கப்பல்களை அச்சிடும் முன்: செந்தூல் நண்பனுக்கு ஒரு கடிதம்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு நண்பா,

நீ அனுப்பிய கடிதமும், அதனுடன் மெல்லிய தாளில் சுற்றி வைத்திருந்த, நீ உருவாக்கும் சேகரிப்பு அட்டை விளையாட்டின் 60 வகைகளில் 12 அட்டைகளும் புதன்கிழமை மாலை வந்து சேர்ந்தன. அன்றிரவே நானும் மகளும் அவற்றை மேசையில் பரப்பி, பருவக்காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பல்களையும், இன்றைய கெடாவான கடாரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே பண்டம் ஏற்றிச் செல்லும் வணிகர்களையும் நகர்த்திப் பார்த்தோம். சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்துக்குக் கற்பூரத்தைக் கொடுத்திருக்கிறாய். அந்த அட்டையைக் கண்டதும், அங்கே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கடலின் பழங்கதையைக் கையில் பிடித்து, சேர்த்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

500 பெட்டிக்குக் குறைவாக அச்சிட முடியாது என்று அச்சகத்தார் சொன்னதாகவும், சேமிப்பிலிருந்து எடுத்து முன்பணம் கட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம், நண்பா. அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆஃப்செட் அச்சில் நான்கு நிறத்துக்கும் தனித்தனித் தகடு எடுக்க வேண்டும். நிறமும் பொருத்தமும் சரியாகும்வரை நிறையத் தாள்களை வீணாக்க வேண்டும். அந்தச் செலவு 5 பெட்டி அடித்தாலும் 500 பெட்டி அடித்தாலும் ஒன்றுதான். ஆனால் உன் விளையாட்டு இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. நீ அனுப்பிய 12 அட்டைகளிலேயே இரண்டின் எண்களை மாற்ற வேண்டும் என்று மகள் சொல்கிறாள். மீதி 48ஐ நாங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

நானும் அவளும் சேர்ந்து செய்த சந்தை விளையாட்டைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், கையால் எழுதிய அட்டைகளை வைத்து நாலைந்து முறை ஆடியதும் எங்களுக்கு ஆசை மிஞ்சிவிட்டது. 310 கிராம் ஆர்ட் கார்டில், இருபுறமும் வண்ணமாக, மூலை வளைத்து, பெட்டியுடன் 40 கட்டுகள் அடித்தோம். கையில் எடுத்தபோது கண் கலங்கும் அளவுக்கு அழகாக இருந்தன. அடுத்த வாரம் உறவுக்காரப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து ஆடியபோது, 'மொத்த வியாபாரி' என்ற அட்டை முதலில் யார் கைக்கு வருகிறதோ அவரே வெல்கிறார் என்று தெரிந்தது. அதிலிருந்த 3 என்ற எண்ணை 2 ஆக்கியிருந்தால் போதும், விளையாட்டு நேராகியிருக்கும். ஆனால் 40 பெட்டிகள் அச்சாகி அடுக்கில் இருக்கும்போது அந்த ஓர் எண்ணை மாற்ற மனம் வரவில்லை. பெரிய குறை இல்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பிள்ளைகள் இரண்டு முறை ஆடிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். பணம் போனதைவிட, அழகாக அச்சாகிவிட்டது என்பதற்காகவே தவறைத் தவறென்று ஒப்புக்கொள்ளாமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது. ஆகவே மாதிரி அட்டைகள், மாற்றும்போது வருத்தம் தராத அளவுக்கு மலிவாக இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். இப்போது நாங்கள் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

சாதாரண 80 கிராம் தாளில் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டு, வெட்டி, பின்புறம் தெரியாத பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய சீட்டை முதுகுக்கு வைத்து, அதன் முன்னால் அந்தத் தாள் துண்டைச் செருகிவிடுகிறோம், அவ்வளவுதான். சேகரிப்பு அட்டைகளின் வழக்கமான அளவு 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். போக்கர் சீட்டின் அளவும் கிட்டத்தட்ட அதுவே என்பதால், அந்த அட்டைகளுக்கென்று விற்கும் 66க்கு 91 அளவு உறையில் இரண்டும் கச்சிதமாக உட்காரும். கடையில் சீட்டுக்கட்டு வாங்கும்போது மட்டும் அளவுகோலை எடுத்துப் போ. பிரிட்ஜ் அளவில் 57 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டுகளும் விற்கின்றன, அவை உறைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். பெயரட்டை அச்சு மலிவாயிற்றே என்று நீ கேட்டிருந்தாய். ஒரே வடிவத்தில் ஒரு பெட்டி முழுக்க வேண்டுமென்றால்தான் அது மலிவு. உனக்கு வேண்டியதோ 60 வடிவங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் மூன்று வரை. அகலமும் 54 மில்லிமீட்டர்தான் கிடைக்கும்.

கணக்கைப் பார். பொதுவானவை 40 வகை, மூன்று படிகள் வீதம். அரியவை 15 வகை, இரண்டு படிகள் வீதம். மிக அரியவை 5 வகை, ஒரு படி வீதம். ஆக 155 அட்டைகள். ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக 9 அட்டைகள் அடங்கும் என்பதால் 18 தாள்கள் போதும். 18 தாளில் 162 இடங்கள் இருக்கின்றன. ஜோக்கர் இரண்டையும் சேர்த்தால் ஒரு சீட்டுக்கட்டில் 54. மூன்று கட்டுகளில் அதே 162. மிஞ்சும் ஏழையும் வெற்று அட்டையாகவே விட்டுவை. ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை, "கடற்கொள்ளையர் இல்லையா, சார்?" என்று கேட்டால், அங்கேயே பென்சிலால் எழுதி ஆட்டத்தில் சேர்த்துவிடலாம். எங்கள் விளையாட்டின் மிகச் சிறந்த இரண்டு அட்டைகள் அப்படிப் பிறந்தவையே.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் போட்டோஸ்டேட் கடையில் கறுப்பு வெள்ளைக்குத் தாளுக்கு 20 காசு வாங்குகிறார்கள். அந்தக் கணக்கில் 18 தாளுக்கு 3 வெள்ளி 60 காசு. சீட்டுக்கட்டு ஒன்று 4 வெள்ளி, நூறு உறை கொண்ட பொட்டலம் 8 வெள்ளி என்று நான் வாங்கினேன். ஆக மூன்று கட்டும் இரண்டு பொட்டலமும் சேர்த்து முதல் முறைக்கு 31 வெள்ளி 60 காசு ஆகிறது. இரண்டாம் முறையிலிருந்து உறையும் சீட்டும் இருப்பவையே. மாறிய அட்டைகளை மட்டும் ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து ஒன்றிரண்டு தாளில் அடித்தால் போதும். வண்ணம் வேண்டுமென்றால் பிள்ளைகளிடம் வண்ணப் பென்சிலைக் கொடுத்து, துறைமுகத்துக்கு நீலம், பண்டத்துக்குப் பச்சை என்று தலைப்பகுதியில் தீட்டச் சொல். அவர்கள் கை பட்ட அட்டைகளை அவர்கள் பத்திரமாக வைத்திருப்பதையும் பார்ப்பாய்.

அச்சிடும்போது நான் ஒருமுறை ஏமாந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் கோப்பைத் திறந்தவர், தாளுக்குள் அடங்குமாறு சுருக்கும் அமைப்பை மாற்றாமல் அச்சிட்டுவிட்டார். 63 இருக்க வேண்டிய அகலம் 61 ஆகிவிட்டது. 18 தாளையும் வெட்டி முடித்த பிறகே கவனித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சரியாக 50 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்று வைக்கிறேன். முதல் தாள் வந்ததும் அளந்து பார்த்து, 100 விழுக்காட்டு அளவில்தான் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே மற்றவற்றை அடிக்கச் சொல்கிறேன். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கியே கொண்டு போ. வேர்ட் கோப்பாகக் கொடுத்தால், கடைக் கணினியில் உன் தமிழ் எழுத்துரு இல்லாதபோது வரியெல்லாம் குலைந்துவிடும்.

தமிழில் அட்டை செய்வதற்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. இவற்றை யாரும் நமக்கு எழுதி வைக்கவில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இருபக்கமும் 4 மில்லிமீட்டர் விட்டால் எழுத்துக்கு 55 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். 'நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்று அந்தப் பழைய வணிகக் குழுவின் பெயரை ஒரே வரியில் நீ வைத்திருக்கும் தலைப்பு அதற்குள் அடங்குவதற்காக எழுத்தை எவ்வளவு சிறிதாக்கியிருக்கிறாய் என்று பார். என் கண்ணாடிக்கே எட்டவில்லை; வகுப்பறை வெளிச்சத்தில் பத்து வயதுப் பிள்ளை எப்படிப் படிக்கும்? தலைப்பில் 'ஐந்நூற்றுவர்' போதும். முழுப் பெயரைக் கீழே விளக்க வரியில் வை. விளக்கத்துக்கு எழுத்தளவு 9 புள்ளிக்குக் கீழே போகாதே. மேலே கொக்கியும் கீழே உகரச் சுழியும் வருவதால் நம் எழுத்துக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் 'மு'வும் கீழ் வரியின் 'ரீ'யும் முட்டிக்கொள்ளும். இத்தனை இடம் பிடிப்பதால் விதிகளைச் சுருக்கமாக எழுதியே ஆக வேண்டும். 'இந்த அட்டையை வைத்திருப்பவர் தனது முறை வரும்போது ஒரு பண்டத்தை எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறாய். 'உன் முறையில் ஒரு பண்டம் எடு' என்றால் போதாதா?

மென்பொருளிலும் கவனம் வேண்டும். எக்செல் பட்டியலிலிருந்து அட்டைகளைத் தானாக நிரப்பித் தரும் நான்டெக் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன; 60 அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருத்தும் வேலை அதனால் மிச்சமாகும். ஆனால் எதைப் பயன்படுத்தினாலும் முதலில் 'கொண்டல்', 'கேள்வி', 'சௌகரியம்' என்று மூன்று சொற்களை அடித்துப் பார். கொம்பு இடப்பக்கம் நிற்காமல் மெய்யெழுத்தின் வலப்பக்கம் தாவிவிட்டால் அந்த அமைப்பு தமிழை அறியவில்லை என்று பொருள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பத்தி அமைப்பை 'வேர்ல்ட் ரெடி' என்பதற்கு மாற்றாவிட்டால் இப்படித்தான் நேரும். இங்க்ஸ்கேப்பிலும் லிப்ரே ஆபிஸிலும் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் தெளிவாக இருக்கிறது. உன் மனைவியின் ஆப்பிள் கணினியில் இணைமதி இருக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த எழுத்து நம் பிள்ளைகளின் அட்டையில் வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

வெட்டுவதற்கு இரும்பு அளவுகோலும் புதிய பிளேடு போட்ட கத்தியும் போதும். அட்டைகளுக்கிடையே இடைவெளி விடாமல் ஒட்டி வைத்தால் ஒரு தாளுக்கு நீளவாக்கில் நான்கு, குறுக்கே நான்கு என எட்டுக் கோடுகளில் முடிந்துவிடும். இடைவெளி விட்டால் பன்னிரண்டு. ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் எத்தனையாவது திருத்தம் என்று சிறிய எண் போட மறக்காதே. பழைய 'பாருஸ்' ஒன்று கட்டுக்குள் தங்கிவிட்டால், ஒரு மாலை முழுக்க ஆடிய ஆட்டத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாமல் போகும்.

பின்புறம் பற்றியும் கேட்டிருந்தாய். சிறிய கடைகளில் இருபுறமும் அடிக்கும்போது முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகுவது சாதாரணம். விலகிய அட்டை கட்டின் மேல் வந்ததும், அது என்னவென்று புரட்டாமலே தெரிந்துவிடும். பெரிய நிறுவனங்களுக்கே இப்படி நேர்ந்திருக்கிறது. மேஜிக் தி கேதரிங் என்ற சேகரிப்பு அட்டை விளையாட்டின் முதல் அச்சு 1993 ஆகஸ்டில் வந்தது. அக்டோபரில் வந்த இரண்டாம் அச்சைவிட அதன் மூலைகள் கூடுதலாக வளைந்திருந்தன. இரண்டையும் கலந்தால் ஓரத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம். பின்புறம் தெரியாத உறை இந்தத் தொல்லையை முழுதாகத் தீர்த்துவிடுகிறது என்பதால், இப்போதைக்குப் பின்புறத்தை வடிவமைக்கவே வேண்டாம்.

அந்த விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டின் முதல் மாதிரிக் கட்டில் இருந்தவை 120 அட்டைகள்தாம். அவற்றை இருவருக்குப் பங்கிட்டு ஆடிப் பார்த்தார்கள். கடைக்கு வந்தபோது 295 வகைகளாகியிருந்தன. நடுவில் ஓடிய இரண்டு ஆண்டுகளும் நண்பர்களோடு ஆடுவதிலும் திருத்துவதிலும் கழிந்தவை. உனக்கு இரண்டு ஆண்டு வேண்டாம். ஆனால் இரண்டு பள்ளித் தவணையாவது கொடு. திருத்தம் நின்று, நீ பக்கத்தில் இல்லாமலே பிள்ளைகள் விதித்தாளைப் படித்து ஆடி முடிக்கும் நாள் வந்ததும், டிஜிட்டல் அச்சில் ஏ3 அளவு 260 கிராம் ஆர்ட் கார்டில் அடிக்கலாம். அட்டைகளைப் படுக்கவைத்தால் ஒரு தாளில் 18 அடங்கும். 162க்கு 9 தாள்கள். அதற்குத் தகடு கிடையாது, ஒரே ஒரு கட்டுகூட அடித்துத் தருவார்கள். விளிம்புவரை நிறம் ஓடவேண்டும் என்றால் மட்டும் அட்டைகளை ஒட்டி வைக்காமல், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் நிறத்தை நீட்டி, தாளுக்குக் குறைந்த எண்ணிக்கையில் அமைத்துக் கொடு. வெள்ளை விளிம்பு விட்டால் அந்தச் சிரமமும் இல்லை. கரு நிறம் ஓரத்தில் உதிர்ந்து வெள்ளை தெரிவதும் இல்லை. 500 பெட்டி பற்றிய பேச்சை அதற்குப் பிறகு எடுப்போம். முன்பணத்தில் ஒரு பங்கை நானும் போடுகிறேன்.

உன் 12 அட்டைகளையும் மகள் திருப்பித் தர மறுக்கிறாள். எண்களை மாற்ற வேண்டும் என்று அவள் சொன்ன இரண்டும் 'வடகிழக்குப் பருவக்காற்று', 'சுங்கம்'. காரணத்தை அவளே தனித்தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறாள். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பினாங்குக்கு வருவதாக எழுதியிருந்தாய் அல்லவா? மீதி 48ஐயும் விரலியில் (பென் டிரைவில்) ஏற்றிக்கொண்டு வந்துவிடு. உறையும் சீட்டும் இங்கே போதுமான அளவு இருக்கின்றன. காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தால் மதியத்துக்குள் வெட்டி முடித்துவிடலாம்.

அன்புடன்,
உன் பினாங்கு நண்பன்