குடும்ப மருத்துவ ரெசிடென்ட்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் பயிற்சியில் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்து பியூப்ரினார்ஃபின். அதை எழுதித் தருவதற்குத் தடையாக இருந்த எக்ஸ்-வெய்வர் என்ற தனி அனுமதி முறை 2022 டிசம்பர் இறுதியில் சட்டப்படி நீங்கிவிட்டது. இப்போது டி.இ.ஏ. (அமெரிக்கப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவுக்கு ஒரே ஒருமுறை 8 மணி நேரப் பயிற்சி போதும். ஆனால் வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் கைப்பழக்கம் வந்துவிடாது. சீனியர் பக்கத்தில் இருக்கும்போதே முதல் சில நோயாளிகளுக்கு இந்த மருந்தைத் தொடங்கிப் பழகுங்கள்.

ஹெராயினோ ஃபென்டனிலோ உடலில் மிச்சமிருக்கும்போது பியூப்ரினார்ஃபினைக் கொடுத்தால் விலகல் அறிகுறிகள் (போதைப்பொருளை நிறுத்தும்போது வரும் உடல் அவதிகள்) சட்டென்று கடுமையாகிவிடும். அப்படி ஒருமுறை அவதிப்பட்டவர் மறுபடி நம் கிளினிக்குக்கு வரத் தயங்குவார். அதனால் கொட்டாவி, மூக்கொழுகல், விரிந்த கண்பாவை போன்ற விலகல் அறிகுறிகள் தானாகவே தெளிவாகத் தெரியும்வரை பொறுங்கள். மாத்திரை நாக்கின் அடியில் கரைய வேண்டும், விழுங்கக் கூடாது.

அப்புறம், சந்தேகங்களை இங்கேயே தாராளமாகக் கேளுங்கள். நோயாளியின் பெயர், விவரம் எதுவும் குழுவில் வரக் கூடாது.