எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டு வயதாகும் என் பேத்திக்கு இரண்டு ஆண்டுகளாக இரவு இருமல் இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டு இருமுவாள். இங்குள்ள ஒரு கிளினிக்கில் மூன்று முறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, வெறும் சளிதான் என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சளி சகஜம் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஈப்போவில் ஒரு குழந்தை மருத்துவர், இது ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று விளக்கிய பிறகே எங்கள் தவறு புரிந்தது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, காற்று வெளியேறும் வழி குறுகுகிறது. அந்த இறுக்கம் வருவதும் போவதுமாக இருப்பதால் பெரும்பாலான பிள்ளைகளின் எக்ஸ்ரேயில் எதுவும் தெரிவதில்லை. நிமோனியாவையோ, கச்சான் பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கியதையோ சந்தேகிக்கும்போதுதான் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து கெட்டிருந்தால் சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும், ஆனால் அதில் கதிர்வீச்சு கூடுதல் என்பதால் இருமும் பிள்ளைக்கெல்லாம் எடுக்க முடியாது.

அவளுக்குத் தேவைப்பட்டது ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனை. மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயை வாயில் வைத்து, தாதி "தியுப், தியுப், லாகி!" (ஊது, ஊது, இன்னும்!) என்று மலாயில் உற்சாகப்படுத்த, அவள் முகம் சிவக்க ஊதினாள். முதல் நொடியில் வெளிவந்த காற்று 1.1 லிட்டர். இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சல்பியூட்டமால் பம்ப் கொடுத்து 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் சொன்னபோது அது 1.3 லிட்டராக உயர்ந்தது. இந்த உயர்வு 12 விழுக்காட்டைத் தாண்டினாலே ஆஸ்துமாவுக்கு வலுவான சான்றாம். நோய் அடங்கியிருக்கும் நாளில் முடிவு இயல்பாகவும் வரக்கூடும் என்பதால், ஒருமுறை சரியாக வந்துவிட்டதென்று விட்டுவிடக் கூடாது என்றும் மருத்துவர் எச்சரித்தார்.

ஐந்து, ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளால் இப்படி ஊத முடிவதில்லை. இயல்பாக மூச்சுவிட்டாலே அளந்து சொல்லும் ஆசிலோமெட்ரி என்ற கருவி அவர்களுக்கு உண்டு என்றாலும், எங்களைப் போன்ற ஊர்களில் நான் அதைக் கண்டதில்லை.

2015 புகைமூட்டத்தின்போது பள்ளிகளையே மூட வேண்டியிருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீண்டும் அப்படியொரு புகை சூழும்போது, எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? செம்பனைத் தோட்டங்களை அடுத்துள்ள அரசாங்கக் கிளினிக்குகளில் மாதம் ஒரு நாளாவது ஸ்பைரோமெட்ரி நடத்த சுகாதார அமைச்சு முன்வர வேண்டும். அதுவரை, நோய் உறுதியான பிள்ளைகளுக்குப் ஊதும் காற்றின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரையாவது கொடுக்கலாம். அது மின்சாரமே தேவைப்படாத ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். என் பேத்தி காலையும் மாலையும் அதில் ஊதி, வந்த எண்ணைப் பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் அவளே எழுதி வைக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்