பாட்டு ஃபைலை மாற்றாமல் அனுப்புங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விழா, சலங்கை பூஜை சீசன் வந்துவிட்டது. எடிட்டிங்குக்கு வரும் பாட்டுகளில் பல, எங்கள் கைக்கு வருமுன்பே இரண்டு மூன்று முறை கன்வர்ட் ஆகி வருகின்றன. சாஃப்ட்வேருக்கு எம்பி3தான் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தயவுசெய்து அந்தச் சிரமம் வேண்டாம். உங்களிடம் முதலில் எப்படி வந்ததோ, அப்படியே அனுப்புங்கள். மாற்றுவது எங்கள் வேலை, அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

எம்பி3, ஐபோனில் பதிவாகும் எம்4ஏ, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜின் ஓபஸ் எல்லாமே, காதுக்கு எளிதில் பிடிபடாத ஒலிகளைக் கழித்துவிட்டு ஃபைலைச் சிறிதாக்குபவை. கழித்தது திரும்பாது. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3யை 320க்கு ஏற்றினால் சைஸ்தான் கூடும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். முதலில் அடிபடுவது, நடனத்துக்கு நட்டுவனார் தட்டும் நட்டுவாங்கத் தாளம்தான். 'டிங்' என்று தெறித்து விழ வேண்டிய தட்டு 'ஷ்ஷ்' என்று கரைந்து கேட்கும். போதாததற்கு, எம்பி3 ஆக்கும்போது பாட்டின் தொடக்கத்தில் ஒரு துளி மௌனம் சேர்ந்துகொள்ளும். சும்மா கேட்டால் தெரியாது. இரண்டு துண்டுகளைத் தாளம் தப்பாமல் ஒட்டும்போது தெரியும்.

நாங்கள் எடிட் செய்வது, எதையும் கழிக்காத வேவ் ஃபைலில். ஸ்டீரியோவில், சிடி தரத்தில், நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். அரை மணி நேர வர்ணம் என்றால் 300. முடித்த பாட்டைப் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளச் சொல்வது அதனால்தான். வீட்டில் ஆடாசிட்டி என்ற இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர் வைத்து நீங்களே வெட்டுகிறீர்கள் என்றால், எம்பி3, எதையும் கழிக்காமல் சுருக்கும் ஃப்ளாக் இரண்டும் நேராகத் திறக்கும். எம்4ஏ திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசத் துணை சாஃப்ட்வேரையும் சேர்த்து நிறுவ வேண்டும். அதைச் செய்யாமல் ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள எம்4ஏவை வேவ் என்று திருத்தி அனுப்புகிறவர்கள் உண்டு. பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அதேதான்.

நடன ஆசிரியைகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. வீடியோவில் பெரும்பாலும் 48,000. சரியில்லாத கன்வர்ட்டர் இதைக் குழப்பி, 44,100இல் உள்ளதை 48,000 என்று எழுதிவிட்டால் பாட்டு ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் முக்கால் கட்டை ஏறிவிடும். ஒத்திகையில் பழைய ஃபைல், மேடையில் புது ஃபைல் என்று ஆனால் ஜதியில் குழந்தைகள் திணறிப்போவார்கள். சந்தேகம் இருந்தால், நீங்கள் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள். ஒப்பிட்டுச் சொல்லிவிடுகிறோம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், அப்போது ஃபைல் அப்படியே வரும். வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிந்து அனுப்பினால், மிக்ஸி சத்தத்தையும் சேர்த்துத்தான் நாங்கள் எடிட் செய்ய வேண்டியிருக்கும்! ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோடு செய்த பாட்டு அந்த ஆப்புக்குள் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டது. அதை எங்களாலும் எடுக்க முடியாது. சிடியாகவோ, விலைக்கு வாங்கிய ஃபைலாகவோ கொண்டுவாருங்கள்.

பழைய கேசட்டாக இருந்தால் கேசட்டையே தாருங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் வீட்டில் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஒட்டிப்போன நாடா அறுந்துவிடலாம், பூஞ்சை டெக்கிலும் ஏறிக்கொள்ளும். முதலில் சுத்தம் செய்து, பிறகுதான் பதிவெடுப்போம். அதற்குக் கூடுதலாகச் சில நாட்கள் ஆகும் என்பதால், நிகழ்ச்சித் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு, எடிட்டிங் பிரிவினர்