டன்னர்மீது நீராவி அடிக்கச் சொல்லாதீர்கள்

குளோரின் பயன்படுத்தும் ஆலைகளின் மேலாளர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகள் குளோரின் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவன் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு மார்கழி விடியற்காலை. டன்னரின், அதாவது திரவக் குளோரின் அடைத்த பெரிய இரும்பு உருளையின், அடிவயிறு முழுக்க வெண்பனி பூத்திருந்தது. வாயு வரத்து இறங்கிவிட்டது. "நீராவி அடியுங்கள், உற்பத்தி நிற்கக் கூடாது" என்று மேலிருந்து உத்தரவு. வேலைக்கு வந்து நான்கு நாளே ஆன ஒப்பந்தத் தொழிலாளி ஹோஸைத் தூக்கிவிட்டான். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

டன்னரின் இரு முகங்களிலும் உருகும் அடைப்பான்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 70 டிகிரியிலேயே அவை உருகிவிடும். நீராவியோ 100 டிகிரி. உள்ளே இருப்பது 900 கிலோ திரவம். ஒரு லிட்டர் ஆவியானால் 450 லிட்டருக்கு மேல் வாயு. காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான அது தரையோடு தரையாகப் படர்ந்து தொழிலாளர் குடியிருப்புக்குள் நுழையும்.

பனி பூப்பது பழுதல்ல. திரவம் ஆவியாகத் தேவையான வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து இழுக்கிறது, அவ்வளவுதான். சாதாரண வெப்பநிலையில் ஒரு டன்னர் மணிக்கு ஏழெட்டு கிலோ வாயு தரும். கூடுதலாக வேண்டுமா, இன்னொரு டன்னரை இணையுங்கள். அதுவும் போதாதென்றால், திரவத்தை வெந்நீரால் சூடாக்கி வாயுவாக்கும் வேப்பரைசர் வையுங்கள். ஆனால் அதன் வெந்நீர் ஆறினால் தானே மூடிக்கொள்ளும் வால்வு இல்லாமல் வாங்காதீர்கள். திரவமே வாயுக் குழாய்க்குள் பாய்ந்துவிடும். திரவக் குழாயின் இரு பக்க வால்வுகளையும் ஒருசேர மூடினால் நடுவில் சிக்கிய திரவம் வெயில் ஏற ஏற விரிந்து குழாயைப் பிளக்கும். அதற்கான விரிவுக்கலத்தைத்தான் எங்கள் ஆலையில் வீண்செலவு என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். இன்றும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

2002 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஃபெஸ்டஸ் அருகே, ரயில் டேங்கரிலிருந்து குளோரின் இறக்கிய ஹோஸ் வெடித்தது. ஏறத்தாழ 22 டன் வெளியேறியது. ஹோஸைச் சுற்றி, குளோரினைத் தாங்கும் நிக்கல் கலப்பு உலோகமான ஹாஸ்டெலாய் பின்னல் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடிக்காத எஃகுப் பின்னல்! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சோதித்துப் பார்க்காமல் எதையும் மாட்ட விடாதீர்கள்.

கசிவின்மேல் தண்ணீர் அடிப்பதும் தவறு. ஈரக் குளோரின் இரும்பைத் தின்று ஓட்டையைப் பெரிதாக்கும். அம்மோனியா நனைத்த பஞ்சைக் குழாய் இணைப்பருகே காட்டினால் வெண்புகை கசிவைக் காட்டிக் கொடுக்கும். மூச்சுக்கருவி அணிந்த இருவர் இல்லாமல் யாரையும் வால்வைத் தொட அனுப்பாதீர்கள்.

உங்கள் கொட்டகைச் சுவரில் நீராவி ஹோஸ் தொங்கினால், இந்த ஷிப்ட் முடிவதற்குள் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவர்