சர்வே நம்பர் கேட்கிறீர்களே, ஐயா!

பழைய நிலப் பதிவேடுகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் ஊர் தேடி வருவது உங்களுக்குப் புதிதில்லை. போன மாதம் டர்பனிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றின் பதிவறை வாசலில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். துணைக்குப் போனவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு தாள், கப்பல் பட்டியலின் நகல். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911இல் ஆள் அனுப்புவது நின்றது வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டால் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அத்தனை பேருக்கும் வெள்ளைக்காரன் வரிசை எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம் என்று கட்டம் கட்டி எழுதி வைத்தான். பெரியவருடைய தாத்தாவின் அப்பாவுக்கு எதிரே 'இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு' என்றுகூட இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) மாடெல்லாம் செத்து, புஞ்சை தரிசாகி, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மேற்கே கப்பலேறிய குடியானவர் அவர். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தாராம். தழும்பு வரைக்கும் தெரிகிறது. ஊர்தான் தெரியவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். கிராமத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார் பட்டியல் எழுதிய குமாஸ்தா. புத்தூரா, புதூரா, பூதூரா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஜில்லா என்ற கட்டத்தில் வட ஆற்காடு. 1911இல் அதிலிருந்து சில தாலுகாக்கள் சித்தூர் மாவட்டத்துக்குப் போயின. 1960இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூர் மூன்றானது. அந்த ஒரு சொல்லுக்குள் இன்று இரண்டு மாநிலங்களும் பல மாவட்டங்களும் அடக்கம்.

அந்தக் காலத்துக் கிராமப் பட்டியலையும் நிலத் தீர்வைப் பதிவேட்டையும் பார்த்தால் தேடலைச் சுருக்கிவிடலாம் என்றுதான் போனோம். குடியானவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கிய ரயத்துவாரி முறைக் கணக்கில் பட்டாதாரர் பெயர் இருக்கும். போனவர் பெயர் இல்லாவிட்டாலும் ஊரில் தங்கிவிட்ட தகப்பன் பெயரோ தம்பி பெயரோ இருக்கலாம். நிலமே இல்லாத கூலியாட்களின் பெயர் அதில் ஏறியிருக்காது என்பதும் தெரியும். அந்தக் குடும்பங்களின் நிலைமை இதைவிட மோசம், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "சர்வே நம்பர் என்ன?"

ஊரே தெரியாமல் வந்திருக்கிறோம் என்றோம். "சரி, வாரிசுச் சான்றிதழ் இருக்கா?" பஞ்ச காலத்தில் கப்பலேறியவருக்கு எந்தத் தாசில்தார் இன்று வாரிசுச் சான்று கொடுப்பார் என்று தெரியவில்லை. பந்தம் இருப்பதைக் காட்டப் பதிவேடு வேண்டும், பதிவேட்டைக் காட்டப் பந்தத்துக்குச் சான்று வேண்டும். இதைப் பெரியவருக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ஒருவர் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, "நிலத்துக்குக் கேஸ் போட வந்திருக்காங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். உங்கள் பயம் புரிகிறது, ஐயா. ஆனால் எழுபது வயதைத் தாண்டிய மனிதர் கடல் கடந்து வந்தது இரண்டு ஏக்கர் புஞ்சையை மீட்கவா? அந்த ஊர் ஏரியையும் அம்மன் கோயிலையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகத்தான். வேண்டுமானால் உரிமை எதுவும் கோர மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடச் சித்தமாக இருக்கிறார்கள்.

என் கோரிக்கை சின்னது. அந்தக் காலத்துக் கிராமப் பெயர்ப் பட்டியலையும் பழைய தீர்வைப் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள். இன்றைய பட்டா, சிட்டாவை எல்லாம் வீட்டிலிருந்தே செல்போனில் பார்க்க முடிகிறதே. அந்த வசதியைக் கொண்டுவந்த அரசுக்கு இது மலையைப் புரட்டும் வேலையா?

மொரீஷியஸைப் பாருங்கள். மோகாவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் ஆவணங்களைப் புகைப்படங்களோடு காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், வாரிசுகள் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போன தேசத்தில் கணக்கு இருக்கிறது. பெற்று அனுப்பிய தேசத்தில் பதிவறைச் சாவி யாரிடம் என்பதற்கே அரை நாள் ஆகிறது. இங்கே ஜனவரி 12ஆம் தேதி அயலகத் தமிழர் தினம். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் கைதட்டு வாங்குகிறோம், சால்வை போர்த்துகிறோம். அந்த உறவு மறுநாளே பதிவறைக்கு வந்து நின்றால் சர்வே நம்பர் கேட்கிறோம். சால்வைக்கு ஆகும் செலவில் ஒரு ஸ்கேனர் வாங்கலாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், விட்டுவிடுகிறேன்.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊழியர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆள் பற்றாக்குறை, செல்லரித்த கட்டுகள், தொட்டாலே உதிரும் தாள், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். தாள் உதிர்கிறது என்பதாலேயே சொல்கிறேன், சீக்கிரம் ஸ்கேன் செய்யுங்கள். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே மூச்சில் முடியாதென்றால் பழைய வட ஆற்காட்டிலிருந்து தொடங்குங்கள். கப்பல் பட்டியல்களில் அடிக்கடி கண்ணில் படும் ஜில்லா அது.

அதுவரைக்கும், கப்பல் பட்டியல் நகலோடு வருகிறவர்களிடம் சர்வே நம்பரும் வாரிசுச் சான்றும் கேட்க வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். பெரியவருக்கு மறுபடி வர உடம்பு இடம் கொடுக்காது. நகல் மனுவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று தெரிவித்தால் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஆரணிப் பக்கத்துக்காரன் ஒருவன்